வடசென்னைக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு: இடிமழையையும் திடீர் வெள்ளத்தையும் எதிர்கொள்ளும் முறை

மணலி, மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் போன்ற பகுதிகளுக்கு வேலைக்காகவோ படிப்புக்காகவோ புதிதாகக் குடிவருபவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இங்கே வெள்ளம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மேற்கே ஏரிகளிலிருந்து திறக்கப்படும் உபரிநீர் எவ்வளவு, கிழக்கே கடல் ஏறியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்ற இரண்டும் மழையோடு சேர்ந்தே, ஒரு தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரும், எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மழை விட்டபின் தண்ணீர் மெல்ல ஏறிய தெருக்கள் இப்பகுதியில் பல உண்டு. எனவே, மழை நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவையும் எடுக்கக் கூடாது.

தண்ணீர் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூண்டி ஏரியிலிருந்து திறக்கப்படும் நீர் கொசஸ்தலை ஆற்றின் வழியாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. புழல் ஏரியின் உபரிநீர் தனிக் கால்வாய் வழியாக வடகரை, வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் பகுதிகளைக் கடந்து அதே எண்ணூர்ப் பக்கம் செல்கிறது. நகருக்குள் விழும் மழைநீருக்கு ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஆகியவை வடிகால்கள். நிலம் கடல்மட்டத்தைவிடச் சில மீட்டரே உயரமாக இருப்பதால், கடல் ஏற்றமாக இருக்கும் மணிகளில் இந்தக் கால்வாய்களில் நீர் நகராமல் நின்றுவிடும். வற்றம் தொடங்கிய பிறகே வடியத் தொடங்கும். கடல் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் கூடுதலாக இருக்கும் என்பதைக் காசிமேட்டு மீனவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெருமழை அறிவிப்பு அந்த நாட்களில் வந்தால், தண்ணீர் வடிய வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்று எடுத்துக்கொண்டு ஆயத்தம் செய்யுங்கள்.

ஆகவே மழைக்காலத்தில் செய்தித்தாளில் வரும் ஏரி நீர்மட்டத்தை ஒரு பார்வை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, பூண்டியின் முழு உயரம் 35 அடி. நீர்மட்டம் இந்த அளவை நெருங்கும்போது, ஏரி முழுவதும் நிரம்பும் வரை காத்திராமல் முன்னதாகவே உபரிநீரைத் திறப்பார்கள். கரையோர ஊர்களின் பெயர்களைக் குறிப்பிட்டு மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கையும் விடும். அந்தப் பட்டியலில் உங்கள் பகுதி இருந்தால், தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும் அந்த எச்சரிக்கை உங்களுக்கானதே.

இருவகை மழை

ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் காய்ந்த நாட்களின் மாலையிலோ இரவிலோ, மேற்கிலிருந்து திரண்டு வரும் இடிமேகங்கள் கடற்காற்றோடு மோதிக் கொட்டித் தீர்ப்பது ஒரு வகை. இதில் மின்னலும் பலத்த காற்றும் அதிகம். முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை மற்றொரு வகை. இது நள்ளிரவு முதல் விடியல் வரை வலுத்துப் பெய்யும் இயல்புடையது, நாள்கணக்கில் நீடிக்கக்கூடியது. முதல் வகையை மக்கள் அலட்சியமாக எண்ணுவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஆனால் 2025 ஆகஸ்ட் 30 அன்று, பருவமழை தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போதே, மணலியில் ஓர் இரவில் 25 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. ஆயத்தப் பணிகளை ஐப்பசிக்கு ஒத்திவைக்காமல் ஆனி, ஆடியிலேயே முடித்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வெயில் நாளிலேயே செய்ய வேண்டியவை

வீடு பார்க்கும்போதே தொடங்குங்கள். வீட்டு உரிமையாளரிடம் மட்டும் கேட்டு நிறைவடையாமல், தெருமுனையில் துணி தேய்ப்பவர், பால் போடுபவர், எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் இருப்பவர் ஆகியோரிடம் “2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இங்கே தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது?” என்று கேளுங்கள். “தண்ணீர் நிற்குமா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். சுற்றுச்சுவரில் மங்கலாக ஓடும் கறைக்கோடு, தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) வாய், வாசற்படியில் தண்ணீரைத் தடுக்கப் புதிதாக எழுப்பிய திட்டு ஆகியவை உண்மையைச் சொல்லிவிடும். சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதால், பெரம்பூர், வியாசர்பாடி பகுதிகளின் பழைய வீடுகள் சில சாலைமட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டன. அத்தகைய வீட்டில் தரைத்தளத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே என் உறுதியான பரிந்துரை.

குடிவந்த பிறகு, மழையில்லாத ஒரு நாளில் உங்கள் தெருவிலிருந்து மேடான சாலை வரை நடந்து பாருங்கள். மழைநீர் வடிகாலின் மூடிகள் எங்கே உடைந்திருக்கின்றன, மின்வாரியத்தின் பில்லர் பெட்டி (தெருவோர மின்பகிர்வுப் பெட்டி) எங்கே இருக்கிறது, வடிகால் பணிக்காகத் தோண்டிய பள்ளம் எங்கே மூடப்படாமல் கிடக்கிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் தெருவில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நிற்கும்போது இவற்றில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. திறந்த வடிகால், சாய்ந்த மின்கம்பம், அடைபட்ட கால்வாய் பற்றிய புகார்களை மாநகராட்சியின் 1913 எண்ணிலும், மின்சாரம் தொடர்பானவற்றை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும், கழிவுநீர், குடிநீர் பற்றியவற்றைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும் பதிவு செய்யலாம். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு தொடர்ந்து கேளுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய மிக முக்கியமான பணி மின்சாரம் பற்றியது. மின்கசிவு ஏற்பட்டதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது வேலை செய்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால், வாடகை வீடாக இருந்தாலும் உரிமையாளரிடம் வற்புறுத்தி மின்பணியாளரைக் கொண்டு பொருத்தச் செய்யுங்கள். தரையில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை உயரத்துக்கு மாற்றுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் இன்வெர்ட்டரிலிருந்து சுவர் பிளக்குகளுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை; இரண்டையும் அணைக்க வீட்டிலுள்ள எல்லாரும் பழகியிருக்க வேண்டும்.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் போட்டுப் பரணில் வையுங்கள். மிக்ஜாம் புயலுக்குப் பின் அரசு வழங்கிய 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாகவே கொடுக்கப்பட்டது. குடும்ப அட்டையை இந்த முகவரிக்கு மாற்றாமல் இருப்பவர்கள் அந்த வேலையையும் தள்ளிப்போட வேண்டாம். மூன்று நாளுக்கான குடிநீர், சமைக்காமல் உண்ணக்கூடிய அவல், பிஸ்கட், பேரீச்சம்பழம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், டார்ச் விளக்கு, பவர் பேங்க், சில நூறு ரூபாய்ச் சில்லறை ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ., அதி கனமழை என்றால் அதற்கும் மேல் என்று பொருள். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் நிலவரத்தைக் கவனித்துவர வேண்டும். ஆரஞ்சு வந்தால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு வந்தால் உடனே செயலில் இறங்க வேண்டும். ஆனால் இந்த அளவுகள் ஒரு நாள் முழுவதற்கும் உரியவை. 10 செ.மீ. மழை ஒரு நாளில் பரவிப் பெய்தால் தெரு நனையும். அதுவே ஒரு மணி நேரத்தில் பெய்தால் எந்த வடிகாலும் தாங்காது. எனவே முதல்நாள் அறிவிப்போடு நில்லாமல், அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்ட வாரியாக வெளியிடப்படும் உடனடி முன்னறிவிப்பையும் பாருங்கள். தமிழ்நாடு அரசின் ‘டி.என். அலர்ட்’ செயலியையும், மின்னலுக்கென உள்ள ‘தாமினி’ செயலியையும் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். சென்னை வானிலை மையம் வெளியிடும் ரேடார் படத்தில், திருவள்ளூர்ப் பக்கமிருந்தோ கடலிலிருந்தோ அடர்ந்த மேகத்திரள் நகர்ந்து வருவதை நீங்களே காண முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணலி, மாதவரம் பகுதிகளின் கிடங்குகளிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் பலருக்கு, ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துத் தமிழில் சொல்லும் அறிவிப்பு புரியாது. உங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள் தங்கியிருந்தால், தண்ணீர் வரப்போகிறது, இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கைச்சாடையாலாவது தெரிவித்துவிடுங்கள்.

இடியும் மின்னலும்

மின்னல் கண்ணுக்குத் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடியோசை கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வர வேண்டாம். மொட்டைமாடியில் துணி எடுக்க ஓடுவதும், தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்ய ஏறுவதும், கடற்கரையில் நின்று மேகத்தைப் படம் பிடிப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. மரத்தடி, தகரக் கொட்டகை, பேருந்து நிழற்குடை, ஆட்டோ ஆகிய எதுவும் பாதுகாப்பல்ல. கண்ணாடிகளை ஏற்றி மூடிய காரோ பேருந்தோ பாதுகாப்பானது. இருசக்கர வாகனத்தில் செல்பவர்கள் அருகிலுள்ள கட்டடத்துக்குள் ஒதுங்க வேண்டும். வீட்டுக்குள் இருப்பவர்கள் அந்த நேரத்தில் குளிப்பதையும், குழாயடியில் பாத்திரம் கழுவுவதையும், சார்ஜரில் மாட்டிய கைபேசியில் பேசுவதையும் நிறுத்திவைக்க வேண்டும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்ற அச்சம் ஆதாரமற்றது; அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. இந்த அச்சத்தாலேயே முதலுதவி தாமதமாகிறது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை வலுவாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

சாலையில் இருக்கும்போது

வடசென்னையில் ரயில் தண்டவாளங்களுக்குக் கீழே செல்லும் சுரங்கப்பாதைகள் பல உள்ளன. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, ஜீவா சுரங்கப்பாதை, வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைச் சுரங்கப்பாதை, திருவொற்றியூர் மாணிக்கம் நகர்ச் சுரங்கப்பாதை போன்றவற்றில் தண்ணீர் தேங்குவது புதிதல்ல. தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதைக்குள் எந்த வாகனத்திலும் இறங்காதீர்கள். முன்னால் ஒரு லாரி கடந்துவிட்டது என்பது உங்கள் வண்டியும் கடக்கும் என்பதற்கு உறுதியல்ல. பாதையின் அடிப்பகுதி எவ்வளவு ஆழம் என்பது இரவில் கரையிலிருந்து தெரியவே தெரியாது. ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓரடி இருந்தால் சிறிய காரை நகர்த்தத் தொடங்கும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும். அரை மணி நேரம் சுற்ற வேண்டியிருந்தாலும், பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலம் போன்ற உயரமான வழியையே தேர்ந்தெடுங்கள். அதுவும் இயலாவிட்டால் அலுவலகத்திலேயே தங்கிவிடுங்கள்.

பெருமழையின்போது பேசின் பாலத்துக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளமட்டம் உயர்ந்து ரயில்கள் நிறுத்தப்பட்டதுண்டு. எனவே பெரம்பூர், ஆவடி, அரக்கோணம் மார்க்கத்தில் செல்பவர்கள் மின்தொடர் வண்டியை மட்டும் நம்பியிராமல் மாற்று வழியை முன்பே யோசித்துவைக்க வேண்டும். திருவொற்றியூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு விம்கோ நகர் வரையிலான மெட்ரோ ரயில் இருக்கிறது.

நடந்துதான் ஆக வேண்டும் என்றால் தனியே போகாதீர்கள். நீண்ட கோலால் முன்னே தரையைத் தட்டிப் பார்த்து, அது உறுதியானது என்று தெரிந்த பிறகே அடியெடுத்து வையுங்கள். சாலையோரம் வடிகால் பள்ளம் இருக்கும்; நடுவில் பாதாளச் சாக்கடைக் குழி இருக்கும். தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று சிலர் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும் இது கொடிய விளைவைத் தரும். அடுத்து வரும் குழந்தையோ முதியவரோ அதற்குள் விழுந்தால் மீட்பது அரிது. யாராவது திறப்பதைக் கண்டால் தடுத்து, 1913-க்குத் தெரிவியுங்கள்.

பில்லர் பெட்டி, தெருவிளக்குக் கம்பம், மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி ஆகியவற்றை நனைந்த நிலையில் தொடவே கூடாது. அவற்றைச் சுற்றித் தண்ணீர் நின்றால் வேறு வழியில் செல்லுங்கள். அறுந்து விழுந்த கம்பிக்குக் குறைந்தது பத்து மீட்டர் தொலைவுக்குள் போகாதீர்கள். கம்பி தண்ணீரில் கிடந்தால் இன்னும் விலகியே நில்லுங்கள். கால் மரத்து, கூச்சம் ஏறுவதாக உணர்ந்தால், நீள அடி வைக்காமல், பாதங்களை ஒட்டித் தேய்த்தவாறு வந்த வழியே பின்வாங்குங்கள். தண்ணீரில் ஒருவர் துடித்து விழுந்தால், அவரைத் தூக்க உடனே ஓடுவதுதான் இயல்பு. ஆனால் மின்சாரத்தைத் துண்டிக்காமல் அருகில் போனவர்களும் இறந்திருக்கிறார்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது

தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே இவற்றைச் செய்து முடியுங்கள். முதலில் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டுதான் சுவிட்சைத் தொட வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் அதைத் தொடாமல் மின்வாரியத்தை அழையுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை மேடையில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அது மிதக்கும். மேல்தொட்டியை நிரப்பிக்கொண்டு சம்ப் வாயைப் பிளாஸ்டிக் தாள் சுற்றி இறுக மூடுங்கள். கழிப்பறை வழியாகக் கழிவுநீர் பொங்கி வரும் என்பதால், கழிப்பறைப் பீங்கானுக்குள்ளும் தரைத் துளைகளின்மீதும் பிளாஸ்டிக் சுற்றிய மணல் பைகளை வைக்க வேண்டும். வாசலை மட்டும் அடைத்துவிட்டு இதை மறப்பவர்களின் வீட்டுக்குள்தான் அழுக்குத் தண்ணீர் முதலில் வருகிறது.

பிறகு எப்போது வெளியேறுவது? இருட்டும் முன், கணுக்கால் அளவில் இருக்கும்போதே என்பதே என் பதில். முதியவர், கைக்குழந்தை, டயாலிசிஸ் செய்துகொள்பவர், மாற்றுத்திறனாளி உள்ள வீடுகள் சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே மேடான பகுதியில் உறவினர் வீட்டுக்கோ மாநகராட்சி நிவாரண முகாமுக்கோ போய்விடுவது நல்லது. பேறுகாலம் நெருங்கிய பெண்கள், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ தாங்கள் பதிவு செய்துள்ள மருத்துவமனையிலோ முன்கூட்டியே சேர்வது பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சிக்கிக்கொண்டவர்கள் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, அவசர எண் 112 ஆகியவற்றை அழைக்கலாம். தெருப்பெயர், அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ, எத்தனை பேர், அவர்களில் நடக்க இயலாதவர் எத்தனை பேர் என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

மிக்ஜாம் புயலின்போது மணலி, எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ பெட்ரோல் வாடையோ தெரிந்தால் அடுப்பு, மெழுகுவத்தி, ஊதுவத்தி எதையும் பற்றவைக்காமல், சன்னல்களைத் திறந்துவைத்து வெளியேறுங்கள். உடம்பில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

துடைக்கத் தொடங்கும் முன், நீர் ஏறிய அளவும் சேதமடைந்த பொருட்களும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு அது உதவும். தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல் பழுதுபார்க்கும் இடத்துக்குத் தள்ளிச் செல்லுங்கள். மின்பணியாளர் பார்த்து நல்லது என்று சொல்லும் வரை மெயினைப் போட வேண்டாம். அலமாரியின் அடியிலும் செருப்புக்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கலாம் என்பதால் கோலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வெள்ளம் புகுந்த சம்ப் நீரை வடிகட்டியும் குடிக்கக் கூடாது. அதை முழுவதும் இறைத்து வெளியேற்றி, பிளீச்சிங் பவுடர் கொண்டு கழுவி, புதுநீர் நிரப்ப வேண்டும். மூடிக் கிடந்த சம்ப்புக்குள் நச்சுக்காற்று தேங்கியிருக்கக்கூடும். மூச்சுவிடப் போதிய காற்றும் இருக்காது. மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, அனுபவமுள்ளவரைக் கொண்டே சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க மற்றொருவர் குதிக்காமல் 101-ஐ அழைக்க வேண்டும். சம்ப் சுத்தமாகும் வரை கொதிக்கவைத்து ஆறிய நீரையே குடியுங்கள்.

எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர் காலிலுள்ள சிறு வெட்டு, சேற்றுப்புண் வழியாக உடம்புக்குள் சென்று எலிக்காய்ச்சலை உண்டாக்கும். வெள்ளத்தில் நடந்து வந்ததும் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, புண்ணுக்கு மருந்து இடுங்கள். அடுத்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் தோன்றினால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அங்கே மருத்துவரிடம், எந்த நாளில் எவ்வளவு நேரம் வெள்ளநீரில் நடந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.